பழைய கெஸ்கட்டைப் போடச் சொன்னது நான்

மகன், உனக்கு என் ஸலாம். இந்தக் கடிதத்தை உன் கல்யாணப் பெட்டியில், புதுச் சாரனுக்கும் வெள்ளைச் சேட்டுக்கும் நடுவில் வைக்கிறேன். நேரில் சொல்ல நாலு தரம் வாயெடுத்தேன். நாலு தரமும் "சாப்பிட்டியா மகன்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நிந்தவூருக்குப் பெண் வீட்டு மாப்பிள்ளையாகப் போகிறாய். நம் ஊர் வழக்கப்படி இனி அதுதான் உன் வீடு. போன பிறகு விருந்தாளியாக வந்து உட்காரும் உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வீட்டுப் பிள்ளையாக நீ இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

போன கிழமை வாப்பா தன் மோட்டார் சைக்கிளை உனக்குத் தருகிறேன் என்றபோது, பெண் வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல், "அந்தச் சனியன் எனக்கு வாணாம்" என்றாய். வாப்பா வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். சுனாமியில் உன் தங்கச்சி சஜீனா போனது வாப்பாவின் கவனக்குறைவால் என்று நம்புகிறாய். அந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் பழைய கெஸ்கட்டைத் திரும்பப் போட்டுப் பூட்டினார், அது வழியில் நின்றுவிட்டது, பிள்ளை போய்விட்டாள் என்பது உன் கணக்கு. போட்டது அவருடைய கைதான். போடச் சொன்ன வாய் என்னுடையது. ஐந்து வருஷமாக உன்னிடம் நான் மறைத்தது அதைத்தான்.

நீ அப்போது கண்டியில் ஹொஸ்டலில் இருந்து படித்தாய். வாப்பா கரைவலைக்காரர்களிடம் மீன் எடுத்து, பின்னால் பெட்டி கட்டி, சம்மாந்துறைப் பக்கம் கொண்டுபோய் விற்ற காலம். அந்த வண்டி வாப்பா பிறக்கும் முன்பே இங்கிலாந்தில் செய்தது. ஒரு தோட்டத்துரை விட்டுப்போனதை யாரோ வாங்கி, அவரிடம் வாப்பா வாங்கியது. சுனாமிக்கு முந்திய கிழமை எஞ்சினின் தலைப்பக்கத்தில் 'சிஸ் சிஸ்' என்று காற்றுப் போகும் சத்தம் கேட்டது. வாப்பா எஞ்சினின் தலையைக் கழற்றிப் பார்த்தார். சிலிண்டருக்கும் அதன் மேல் உட்காரும் தலைக்கும் நடுவில் வைக்கிற செப்புத் தகடுதான் கெஸ்கட் என்று உனக்குத் தெரியும். உள்ளே வெடிக்கிற நெருப்பு வெளியே வராமல் அடைத்து வைத்திருப்பது அந்த ஒரு தகடுதான். அது ஓரிடத்தில் கறுத்திருந்தது. கொழும்புக்குப் போகும் லொறிக்காரரிடம் புதியது கொண்டுவரச் சொல்லியனுப்பினார். மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்றார்.

எனக்குத்தான் பொறுமை இல்லை. சம்மாந்துறையில் உன் சாச்சி வீட்டில் சனிக்கிழமை விருந்து. பஸ்ஸில் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய் இறங்க எனக்கு மனமில்லை. என் தங்கச்சி வீட்டு வாசலில் புருஷனோடு மோட்டார் சைக்கிளில் போய் இறங்க வேண்டும் என்று ஒரு பெருமை. அவ்வளவுதான் மகன், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"அந்தப் பழசையே போட்டுப் பூட்டுங்க. ரெண்டு நாளைக்குத்தானே" என்றேன்.

"அது ஒருக்கா நசுங்கின செம்பு, புள்ள. இறுகிப் போயிட்டு. திரும்ப வச்சா மூடாது" என்றார் வாப்பா.

"உங்களுக்கு எங்கட ஆக்கள் வீட்டுக்குப் போறதெண்டா மட்டும் ஆயிரம் சாட்டு."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் எழும்பினார். பழைய தகட்டைத் துடைத்து, இரண்டு பக்கமும் பசை பூசி, வைத்துப் பூட்டினார். விருந்துக்குப் போனோம். திரும்பி வரும்போதே அந்தச் சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது. வாப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் காதில் விழாததுபோல் சஜீனாவின் முக்காட்டைச் சரிசெய்தேன்.

மறுநாள் காலை கடற்கரையிலிருந்து ஓடிவந்தவர்களின் கூச்சல் கேட்டபோது வாப்பா வாசலில் நின்றார். "கடல் எழும்பிட்டு, ஏறுங்க" என்று கத்தினார். சஜீனாவை முன்னால் பெற்றோல் தாங்கியின் மேல் வைத்தார். நான் பின்னால் ஏறினேன். எஞ்சின் ஒரே மிதியில் பற்றியது. ஒழுங்கையின் முடிவில், மதகுக்குக் கிட்ட, பெரியதொரு சத்தம் வந்து எஞ்சின் நின்றது. வாப்பா இறங்கி இரண்டு தரம் மிதித்தார். கால் எந்தத் தடையும் இல்லாமல் கீழே போனது, வெறும் காற்றை மிதித்ததுபோல. மூன்றாம் தரம் மிதிக்கவில்லை. சஜீனாவின் கையைத் தன் வலது கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் அவருக்குப் பின்னால். பத்து யார் தூரம் ஓடியிருப்போம்.

தண்ணீர் என்னைத் தூக்கி ஒரு மாடிப்படியின் கம்பியில் அடித்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வாப்பாவை மதிலில் அடித்து, எங்கிருந்தோ வந்த ஒரு இரும்புக் கேற்று அவருடைய வலது கையை அந்த மதிலோடு சேர்த்து நசித்தது. பிள்ளையைப் பிடித்திருந்த கை அது. விரல்கள் நசிந்த பிறகும் தான் விடவில்லை, விரல்கள்தான் விட்டன என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னார். சஜீனாவை அடுத்த நாள் அசர் தொழுகை நேரத்தில் கண்டெடுத்தார்கள். அவளோடு இன்னும் பல பிள்ளைகளையும் ஒன்றாக அடக்கினார்கள். நீ கண்டியிலிருந்து வந்து சேர மூன்று நாள் ஆனது.

பாடசாலையில் அகதியாக இருந்த எங்களிடம் வந்து நீ கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் கேட்கிறது. "மோட்டார் சைக்கிள் இருந்ததே வாப்பா?"

"கெஸ்கட் போயிட்டு மகன். நான் பழசப் போட்டுப் பூட்டினன்" என்றார் அவர்.

"மூணு நாள் பொறுக்க ஏலாதா உங்களுக்கு?" என்று கத்தினாய். பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். சொல்லாமல் நின்றேன். அன்றிலிருந்து நீ அவரிடம் கேட்டதற்குப் பதில் சொல்வாயே தவிர, நீயாக ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

இனி, சுனாமிக்குப் பிறகு அந்த எஞ்சினை யார் திருத்திப் பூட்டியது என்று சொல்கிறேன். வாப்பா வேறு யாரையோ கொண்டு பூட்டுவித்தார் என்றுதான் நீ நினைத்திருக்கிறாய். பலகை வீட்டில் எங்களைக் குடியேற்றிய பிறகு ஒருநாள், வண்டி தோணா வாய்க்காலின் சேற்றில் கிடப்பதாக ஆட்கள் வந்து சொன்னார்கள். உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்றார் வாப்பா. படகு இழந்தவர்களுக்கு நிவாரணமாகப் படகு வந்தது. மீன் விற்றவருக்கு எதுவும் வரவில்லை. அதைவிடவும், கட்டிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக் கிடக்கும் மனிதரை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

"நான் பூட்டுறன். நீங்க வாயால சொல்லுங்க" என்றேன்.

"உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?"

"அகப்பை பிடிக்கத் தெரியும். இதுவும் இரும்புதானே."

கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கம் முதல் கிழமையில் இருந்தது, பிறகு போய்விட்டது. தலையைக் கழற்றியபோது அந்தப் பழைய கெஸ்கட் கையில் வந்தது. இரண்டு போல்ட்டுத் துளைகளுக்கு நடுவில், உள்ளேயிருந்து வெளியே, ஒரு விரல் அகலத்துக்குக் கரி ஓடியிருந்தது. நெருப்பு அந்த வழியால்தான் வெளியே போயிருக்கிறது. கடல் தொடும் முன்பே அது போய்விட்டது. இதற்கு மேல் எனக்கு எந்தச் சாட்டும் மிச்சமில்லை. வாப்பா அதை என் கையிலிருந்து வாங்கி, திருப்பிப் பார்த்து, கீழே வைத்தார். "உப்பத் துடை. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவு" என்றார்.

அன்றைக்கே முடிவு எடுத்தேன். அவசரப்பட்டுச் செய்வித்த வேலையை, எத்தனை மாதம் ஆனாலும், ஒழுங்காகச் செய்து முடிப்பேன். சிலிண்டரையும் பிஸ்டனையும் அக்கரைப்பற்றில் ஒரு லேத்துக்கு அனுப்பிச் சரிசெய்தோம். மற்றதெல்லாம் எங்கள் பலகை வீட்டுக்குள். லொறிக்காரர், பாவம், கொழும்பிலிருந்து கொண்டுவந்த புது கெஸ்கட்டை அத்தனை மாதமும் பத்திரமாக வைத்திருந்து தேடிவந்து தந்தார். மெல்லிய செப்புத் தோலுக்குள் நார் வைத்துச் செய்தது. வாங்கியவுடன் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாப்பா அதை வெளிச்சத்தில் பிடித்தார். குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. "மடிஞ்சது சரி வராது. மடிப்புக்குள்ளால நெருப்பு வழி தேடும்" என்றார். நான் தட்டி நேராக்குகிறேன் என்றேன். "புள்ள, இன்னொருக்கா அவசரப்படாத" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த 'இன்னொருக்கா' எனக்குப் போதுமாக இருந்தது.

நல்ல செப்புத் தகட்டில் முழுதாக வெட்டிப் போடுவது ஒன்றே வழி. எனக்கு நினைவு வந்தவர், சஜீனாவுக்குக் காதுப்பூ செய்து தந்த பத்தர். பாண்டிருப்பில் கடலோரம் இருந்தவர், சுனாமிக்குப் பிறகு நற்பிட்டிமுனையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் பின்னால் பட்டறையைப் போட்டிருந்தார். எங்கள் ஆட்கள் தமிழ் ஆட்களுடைய தெருவுக்குள்ளும் அவர்கள் எங்களுடைய தெருவுக்குள்ளும் போவதற்கு இரண்டு தரம் யோசித்த காலம் அது. நான் ஒரு தரமும் யோசிக்காமல் போனேன். அட்டையில் வெட்டிய மாதிரியையும் பழைய தகட்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"தங்கச்சி, அந்தக் காதுப்பூ போட்ட பிள்ள சுகமா இருக்காவா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கட மூத்தவளும் இல்ல" என்றார். பிறகு எழும்பிப் போய் இரண்டு செப்புத் தகடு எடுத்து வந்தார். ஒன்று மெல்லியது, ஒன்று தடிப்பு. "கோயிலுக்கு யந்திரம் எழுத வாங்கி வச்சது. இப்ப கோயிலும் இல்ல. இதில இன்னும் மந்திரம் எழுதல்ல, பயப்படாம கொண்டு போங்க" என்றார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

எந்தத் தகடு என்பதற்கு வாப்பா சொல்லியனுப்பியது இதுதான், நீயும் மனதில் வைத்துக்கொள். பழையதில் நசுங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தின் தடிப்பு எவ்வளவோ, புதியதும் அவ்வளவு இருக்க வேண்டும். மெல்லியதைப் போட்டால் தலை கீழே இறங்கி, மேலே வரும் பிஸ்டன் வால்வில் இடிக்கப் பார்க்கும். தடிப்புக் கூடினால் அமுக்கம் குறைந்து வண்டி இழுக்காது. அளவு ஒத்துவந்தது தடிப்பான தகடு. நகை அறுக்கும் மெல்லிய வாளால் பத்தர் அதை அறுத்து, துளைகளின் பிசிறைத் தேய்த்து, நெருப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டி, தண்ணீருக்குள் போட்டு எடுத்துத் தந்தார். துணிபோல் வளைந்தது. கீழே விழாமல், யாரும் மிதிக்காமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தே வந்தேன்.

முதல் தரம் நான் பூட்டியது பிழையாகிவிட்டது. பசையை அள்ளிப் பூசினேன், கூடப் பூசினால் கூட மூடும் என்று. ஒரு பக்கத்து நட்டை முழுதாக இறுக்கிவிட்டுத்தான் மறுபக்கத்துக்குப் போனேன். வாப்பா தொழுதுவிட்டு வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை. எஞ்சின் ஓடியது. அவர் சவர்க்காரத் தண்ணீரைத் தெளிக்கச் சொன்னார். மூட்டு முழுக்க நுரை பொங்கியது. திரும்பக் கழற்றினால், பசை பிதுங்கி எண்ணெய்த் துளையை அடைத்திருந்தது. எல்லாவற்றையும் சுவரில் எறியலாம்போல் இருந்தது.

"எறியிறதெண்டா எறி. மறுகா நீதான் பொறுக்க வேணும்" என்றார் வாப்பா. சுனாமிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு கண்ணாடித் துண்டைத் தரையில் சமமாக வைத்து, தலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் போடும் சுறுமாவை எண்ணெயில் குழைத்துப் பூசி, கண்ணாடியில் ஒற்றிப் பார்த்தோம். இரண்டு ஓரத்தில் மட்டும் மை பட்டது. தலையே கோணியிருந்தது. எந்தத் தகட்டை வைத்தாலும் கோணிய தலை மூடாது. கண்ணாடியில் நைசான எமரித் தாளை ஒட்டி, தலையை எட்டுப் போடுவதுபோல் வளைத்து வளைத்துத் தேய்த்தேன். காலையில் சோறு ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம், லுஹர் தொழுதுவிட்டு ஒரு மணி நேரம். பதினோராம் நாள் சுறுமா சுற்றிவர ஒரே மாதிரிப் பட்டது. ஒரு தரம் நசுங்கிய அதே தகட்டைத் திரும்பப் போட எனக்குத் துணிவில்லை. பத்தரிடம் கொண்டு போனேன். "செம்பு அமுக்கினா இறுகும், தங்கச்சி. நெருப்புல காட்டினா இளகும். நானும் நகைக்கு இதத்தான் செய்யிறன்" என்று அதைத் திரும்பவும் நெருப்பில் காட்டித் தந்தார். முந்தித் தெரிந்திருந்தால் சாச்சி வீட்டு விருந்துக்கு முன்பு ஒரு அரை நாள் அவரிடம் போய் வந்திருக்கலாம். அந்த அரை நாளை இன்னும் யோசிக்கிறேன்.

இரண்டாம் தரம் பசையே பூசவில்லை. இரண்டு முகத்தையும் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்து, விரலால் எண்ணெயைப் படர விட்டேன், அவ்வளவுதான். நட்டுகளை விரலால் பிடிக்க வைத்து, எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் கால் சுற்று, திரும்பவும் கால் சுற்று என்று இறுக்கினேன். வாப்பா பக்கத்தில் இருந்து "போதும், அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடித்ததும், "மிதி" என்றார்.

மிதித்தேன், மகன். பெடல் இறங்கவில்லை. ஏறி இரண்டு காலாலும் நின்றேன். என் முழுப் பாரத்தையும் அது தாங்கிக்கொண்டு நின்றது. உள்ளே அடைத்த காற்று வெளியே போக ஒரு மயிரிழை வழிகூட இல்லை. மதகடியில் வாப்பாவின் கால் வெறுமையாகக் கீழே போனதைக் கண்ட நான், அந்தப் பெடலின் மேல் நின்று சத்தம் போட்டு அழுதேன். வாப்பா எழும்பி வந்து, மடங்காத அந்தக் கையை எஞ்சினின் மேல் வைத்தார்.

"ஒரு கெஸ்கட்டால மட்டும் போகல்ல புள்ள. அவ்வளவு தண்ணி" என்றார்.

"நான் மகனுக்குச் சொல்லப் போறன்" என்றேன்.

"சொல்லாத. அவனுக்கு என்னில கோபம் இரிக்கி. உன்னிலயும் கோபம் வந்தா அவன் யாருக்கிட்டப் போவான்?"

அவர் சொன்னதால் பேசாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு வசதியாக இருந்தது, அதனால் இருந்தேன். நீ லீவில் வந்து என் மடியில் தலை வைத்துப் படுப்பாய். வாசலில் அவர் தனியே இருப்பார். அந்த மடியை உனக்குத் தந்ததே அவர் வாய் மூடியிருந்ததுதான்.

அன்று எஞ்சினை ஓடவிட்டு, அது சூடேறி ஆறிய பிறகு, மறுநாள் காலை எல்லா நட்டையும் திரும்ப ஒரு தரம் இறுக்கினோம். வால்வின் இடைவெளியையும் சரிபார்த்தோம். புது கெஸ்கட் முதல் சூட்டில் கொஞ்சம் அமர்ந்துவிடும், அதைக் கவனிக்காமல் விட்டவர்களுடையதுதான் ஒரு மாதத்தில் போகும். வாப்பா உள்ளங்கையால் அக்ஸிலேட்டரை உருட்டப் பழகினார். மறுபடி மீன் பெட்டி ஏறியது. அந்த வருமானத்தில்தான் நீ கண்டியில் படித்து முடித்தாய். யுத்தம் முடிந்த இந்த வருஷம், ஒருநாள் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தம்பிலுவில் கரைக்கு மீன் எடுக்கப் போனார். முந்தி ஏழு சோதனைச் சாவடியில் இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, தள்ளிக்கொண்டு நடந்த பாதை. அன்று இரண்டு இடத்தில்தான் மறித்தார்கள். ஒரு இடத்தில் ஆமிக்காரப் பொடியன் எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்து, யார் பூட்டியது என்று கேட்டான். வாப்பா பெருவிரலால் பின்னால் காட்டினார். அவன் நம்பவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். பிழை செய்தவள் என்ற தகுதிதான். உன் பெண்டாட்டி ஒருநாள் ஏதாவது ஒன்றுக்கு உன்னை அவசரப்படுத்துவாள். எல்லோரும் செய்வதுதான். அவள் குத்திக் கதைத்தாலும், சரியில்லாத வேலையைச் செய்து அவளைச் சமாதானப்படுத்தாதே. இருந்து, ஏன் ஏலாது என்று விளங்கப்படுத்து. வாப்பா அன்று எனக்கு ஒரு வரி சொன்னார், நான் ஒரு சொல்லால் அவரை அடக்கினேன். அதேபோல நீ பிழை செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஐந்து நாள் கழித்துச் சொல்வது ஐந்து மடங்கு கஷ்டம். ஐந்து வருஷம் எப்படி இருக்கும் என்று இந்தக் கடிதத்தில் அழித்து அழித்து எழுதியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். இன்னொன்று. ஒரு மனிதன் தன் மேல் விழுந்த பழியைத் துடைக்காமல் இருக்கிறான் என்றால், அவன் குற்றவாளி என்று உடனே எடுத்துக்கொள்ளாதே. அவனுக்குப் பின்னால் யாராவது ஒளிந்து நிற்கலாம். உன் வாப்பாவுக்குப் பின்னால் நான் நின்றேன்.

மோட்டார் சைக்கிளை நீ எடுக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். எடுக்காவிட்டாலும் வாப்பாவுக்கு அது தேவைதான். உன்னிடம் கேட்பது வேறு. வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளையாக வெளிக்கிடும்போது எல்லோரிடமும் ஸலாம் கொடுத்துத் துஆ வாங்குவாய். வாப்பாவிடம் வரும்போது, ஆட்களுக்காகக் கையை நீட்டிவிட்டுப் போகாதே. அவருடைய வலது கையை உன் இரண்டு கையாலும் பிடி. அந்தக் கை பிடித்ததை விடவில்லை.

இன்று காலை, இதை எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வாசலில் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இம்முறை சொல்லாதே என்று தடுக்கவில்லை. தண்ணீரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சொல்லு. ஆனா அவன் கோபிச்சா, இத்தனை வருஷம் நான் தாங்கின மாதிரி நீ தாங்க வேணும்."

"தாங்குவன்" என்றேன்.

உனக்கும் அதையே எழுதுகிறேன், மகன். கோபம் வந்தால் என்னிடம் கொண்டு வா. நான் இங்கேதான் இருப்பேன்.

உன் உம்மா